வீட்டில் ஒரே ஒரு பசைதான் என்றால் எதை வாங்குவது?

நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பு, எங்கள் சிங்கப்பூர் வீட்டின் பாம்ப் ஷெல்டரில் (பாதுகாப்பு அறையில்) அடுக்கியிருந்த கொலுப் பெட்டியை இறக்கினோம். செட்டியார் பொம்மையின் வலது கை தனியாகக் கிடந்தது. கிளியின் கழுத்தும் துண்டாகியிருந்தது. அம்மா சமையலறை இழுப்பறையைத் திறந்து சூப்பர் குளூவை எடுத்து நீட்டினார். "இதை வச்சு ஒட்டிடுப்பா." போன வருஷமும் அந்தக் கையை அதே பசையால்தான் ஒட்டினேன். அதே இடத்தில்தான் விட்டிருந்தது.

அந்தச் செட்டியார் சாதாரணப் பொம்மை இல்லை. பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது. அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. பொம்மைகளை மேசையில் வைத்தேன். வீட்டில் ஒட்டுவதற்குக் காத்திருந்த மற்றவற்றையும் பக்கத்தில் சேர்த்தேன்: ஆடும் சாப்பாட்டு நாற்காலி, வாய் பிளந்த ஒரு ஜோடிக் காலணி, விரிசல் விட்ட ஃபிரிட்ஜ் தட்டு. பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரமும் கறுத்துப் போயிருந்தது. எதற்கு எந்தப் பசை என்று ஒவ்வொன்றாக யோசித்து, படித்து, செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரே ஒரு பசைதான் என்றால் இரண்டு டியூப்பாக வரும் எபோக்சியை வாங்குங்கள். இரண்டு வாங்கலாம் என்றால் கூடவே மரத்துக்கான வெள்ளைப் பசை. நம் எல்லார் வீட்டு இழுப்பறையிலும் முதலிடத்தில் இருக்கும் சூப்பர் குளூவை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

சூப்பர் குளூ ஏன் அடிக்கடி ஏமாற்றுகிறது

அதன் உள்ளே இருப்பது சயனோஅக்ரிலேட். 1942ல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர், துப்பாக்கிக் குறிக்கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கையில் சிக்கியது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டதால் அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958ல்தான் அது பசையாக விற்பனைக்கு வந்தது. தொட்டதில் எல்லாம் அது ஒட்டியதற்குக் காரணம் ஈரம். பரப்புகளில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் நீர்த்துளிதான் அதை இறுக வைக்கிறது. காற்றில் உலரும் பசை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஈரத்தால் இறுகும் பசை.

சிங்கப்பூரில் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதற்கும் சராசரியாக 82 விழுக்காடு. விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத மதியத்தில் 60க்கு அருகே இறங்கும். அதனால் துண்டுகளைச் சரியாகப் பொருத்தும் முன்பே பசை இறுகிவிடும். கூடுதலாகப் பிழிந்துவிட்டால் அதன் ஆவி சுற்றிலும் வெண்புகை போலப் படியும். கறுப்பு பிளாஸ்டிக்கிலோ கண்ணாடிச் சட்டத்திலோ அந்த வெள்ளைப் பூச்சு அசிங்கமாகத் தெரியும். பிரித்த டியூப் இழுப்பறைக்குள்ளேயே கல்லாகிப் போவதற்கும் இதே ஈரம்தான் காரணம்.

பெரிய குறை வேறு. இறுகிய பிறகு அது கண்ணாடி மாதிரி மொறுமொறுப்பாகிவிடும். நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும். தட்டினால், வளைத்தால், ஓரத்தைப் பிடித்து உரித்தால் விட்டுவிடும். கொதிநீரின் சூடு பட்டாலும் பலவீனமாகிவிடும். குவளையின் கைப்பிடியைச் சூப்பர் குளூவால் ஒட்டிச் சுடச்சுடக் காப்பி ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கென்று இடமே இல்லை என்று சொல்லவில்லை. சுத்தமாக உடைந்து, இடைவெளி இல்லாமல் பொருந்தும் சின்னத் துண்டுகளுக்கு அதுதான் வசதி. பீங்கான் பொம்மையின் காது, நகைப்பெட்டி மூடியின் குமிழ், கழன்று வந்த கல் போன்றவை. ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு துளி போதும். அதிகம் வைத்தால் பிடிப்பு கூடாது, குறையும்.

இரண்டு எச்சரிக்கைகள். வழிந்த சூப்பர் குளூவைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது திடீரென்று சூடேறும், புகையும் வரும், தோல் வெந்துவிடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் நீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், இமையைப் பிரிக்க முயலக்கூடாது.

எபோக்சிக்கு ஏன் முதலிடம்

எபோக்சியில் ஒரு டியூப்பில் பிசின், மற்றதில் அதை இறுக்கும் பொருள் (ஹார்டனர்). இரண்டும் கலந்தால்தான் வேதிவினை தொடங்கும். ஈரமோ காற்றோ அதற்குத் தேவையில்லை. உலோகம், பீங்கான், கல், மரம், கண்ணாடி, பெரும்பாலான கடின பிளாஸ்டிக் என்று எல்லாவற்றிலும் பிடிக்கும். இன்னொரு நன்மை, இடைவெளியை நிரப்பும். உடைந்த இடத்தில் ஒரு சில்லு காணாமல் போயிருந்தாலும் அதன் இடத்தில் எபோக்சியே கெட்டியாக நின்றுவிடும். சூப்பர் குளூவால் இது முடியாது.

குறைகளும் உண்டு. சம அளவாகப் பிழிந்து ஒரு நிமிடமாவது நன்றாகக் கலக்க வேண்டும். ஒரு பக்கம் கூடிவிட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்துச் சிலர் ஹார்டனரைக் கூடுதலாக விடுகிறார்கள். அப்படிச் செய்தால் கடைசி வரை பிசுபிசுப்பாகவே இருக்கும். வெயில் படும் இடத்தில் நாளடைவில் மஞ்சளாகும். ஒட்டிய பிறகு பிரிப்பதும் கடினம்.

ஐந்து நிமிட எபோக்சி, மெதுவாக இறுகும் எபோக்சி என்று இரண்டு வகை கிடைக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். உறையில் போட்டிருக்கும் ஐந்து நிமிடம் மிதமான சூட்டுக்கான கணக்கு. சூடு பத்துப் பாகை கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நம் வீட்டுச் சமையலறையில் 31 பாகை இருக்கும்போது கலந்த பசை மூன்று நிமிடத்திலேயே கெட்டியாகத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். மெதுவான வகையில் துண்டுகளைத் திருப்பி, நகர்த்தி, துடைத்து, சரியாக வைக்க நேரம் கிடைக்கும். இறுகிய பிறகு வலுவும் பொதுவாக அதிகம். எந்த வகையானாலும் கையில் பிசுக்கு நின்றதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முழு வலு வர 24 மணி நேரம் ஆகும்.

தோலில் படாமல் கையுறை போடுங்கள். எபோக்சி பலருக்கு ஒவ்வாமை தரும், ஒருமுறை வந்துவிட்டால் போகாது.

நாற்காலிக்கு மட்டும் வெள்ளைப் பசை

ஆடும் நாற்காலிக்கு எபோக்சியை நான் எடுக்கவில்லை. மரத்தோடு மரம் சேரும் இடத்தில் வெள்ளைப் பசைக்கு நிகர் இல்லை. நாம் பொதுவாக ஃபெவிகால் என்றே சொல்லிப் பழகியது, 1959 முதல் இந்தியாவில் தச்சர்கள் நம்பி வரும் அதே வகை. அதன் நீர் மரத்துக்குள் ஊறிப் போகும், பிசின் நார்களுக்கு நடுவே தங்கிப் பிடிக்கும். நல்ல பொருத்தம் இருந்தால், உடைத்துப் பார்க்கும்போது ஒட்டு விடாது, பக்கத்து மரம் பிளந்துகொண்டு வரும்.

இரண்டு நிபந்தனை. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, வெறும் மரம் தெரிய வேண்டும். காய்ந்த பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. பெரும்பாலான வீட்டு ஒட்டுகள் இந்த ஒரு படியைத் தாண்டிச் செல்வதால்தான் விட்டுவிடுகின்றன. அடுத்து, அழுத்தம். கிளாம்ப் இல்லையென்றால் துணி உலர்த்தும் கயிற்றை நாற்காலிக் கால்களைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு மரக்கரண்டிக் காம்பைச் செருகி முறுக்குங்கள். கயிறு முறுக முறுக மூட்டு இறுகும். காம்பை ஒரு காலோடு கட்டிவிட்டு இரவு முழுக்க அப்படியே விடுங்கள். நம் ஊர்க் காற்றில் நீர் வெளியேற நேரமாகும், குளிரூட்டிய அறையில் வைத்தால் சீக்கிரம் காயும். குளியலறை, சமையலறை அருகே இருக்கும் பொருள் என்றால் டப்பாவில் டி3 என்று போட்டிருக்கும் நீர் தாங்கும் வகையாகப் பாருங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். மலிவான அலமாரிகள் மரம் இல்லை, மரத்தூளை அழுத்திய பலகை. ஒருமுறை நீர் பட்டு உப்பிப் போனால் எந்தப் பசையும் அதைத் திருப்பித் தராது. உப்பாமல் திருகு மட்டும் கழன்று ஓட்டை பெரிதாகியிருந்தால், பல்குச்சிகளை வெள்ளைப் பசையில் நனைத்து ஓட்டையில் திணித்து, மறுநாள் மறுபடி திருகைப் போடலாம். மூட்டில் நிறைய இடைவெளி இருந்தால் மட்டும் அங்கே எபோக்சி.

ஃபிரிட்ஜ் தட்டும் முக்கோணக் குறியும்

பிளாஸ்டிக் பொருளைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சின்ன முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 2, 4, 5 என்றால் பசையை எடுக்க வேண்டாம். அவை பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன். மெழுகு போன்ற அந்தப் பரப்பில் சூப்பர் குளூவும் பிடிக்காது, எபோக்சியும் பிடிக்காது. வாளி, மூடி, உணவு டப்பா, துணிக்கூடை எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். இதற்கென்று முதலில் ஒரு பேனாவால் தடவிவிட்டு அப்புறம் ஒட்டும் தனி சூப்பர் குளூ விற்கிறார்கள், அது வேலை செய்யும். ஆனால் இரண்டு வெள்ளி வாளிக்கு அதை வாங்குவது நியாயமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் ஃபிரிட்ஜ் தட்டில் 6 என்று இருந்தது, பாலிஸ்டைரீன். ஒட்டும். விரிசலுக்குப் பின்பக்கமாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை எபோக்சியால் சேர்த்து வைத்தேன். விரிசல் கோட்டில் மட்டும் பசையை விடுவதைவிட இப்படி ஒரு துணைப்பட்டை போட்டால் பல மடங்கு நிற்கும். அகலமான பரப்பில் சுமை பரவுவதுதான் காரணம். உணவு நேரடியாகப் படும் பக்கத்தில் மட்டும் பசை வேண்டாம். உடைந்த சாப்பாட்டுத் தட்டையும் குடிக்கும் குவளையையும் ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள், அவை அலங்காரத்துக்கு மட்டும்.

காலணிக்கு மஞ்சள் பசை

சப்பாத்து தைப்பவர்கள் தகரத்திலிருந்து தூரிகையால் எடுத்துப் பூசும் மஞ்சள் பசைதான் இதற்குச் சரி. ரப்பர் சார்ந்தது, இறுகிய பிறகும் வளையும். நடக்கும்போது ஆயிரம் முறை வளையும் அடிப்பாகத்தில் சூப்பர் குளூ ஒரு நாள்கூட நிற்காது.

வழி இதுதான். இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்துப் பழைய பசையை எடுங்கள். இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசுங்கள். உடனே ஒட்டக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, விரலில் ஒட்டாத நிலை வந்ததும் சேர்த்து ஓங்கி அழுத்துங்கள். சேர்த்துவிட்டால் நகர்த்த முடியாது. எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்பதைவிட எவ்வளவு பலமாக என்பதுதான் இங்கே கணக்கு, ரப்பர் சுத்தியலால் தட்டினால் நல்லது. ஒரு நாள் கழித்துப் போடுங்கள்.

இந்தப் பசையின் வாடை தலைசுற்ற வைக்கும் கரைப்பான்களிலிருந்து வருகிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்தால் வராந்தாவில் செய்யுங்கள். போதைக்காக இத்தகைய பசையை முகர்வது இங்கே 1987 முதல் சட்டப்படி குற்றம். பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வைக்க இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

என் காலணி ஒட்டியது. மனைவியுடையது ஒட்டவில்லை, அதற்கான காரணம் பலருக்கும் பயன்படும். நாலைந்து வருஷம் பெட்டிக்குள்ளேயே கிடந்த அதன் அடிப்பாகம், தொட்டதும் ரொட்டித்தூள் போல உதிர்ந்தது. பாலியூரித்தேன் அடிப்பாகத்தை ஈரக்காற்று மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். இங்கே எத்தனையோ நல்ல காலணிகள் இப்படித்தான் போகின்றன. நகத்தால் அழுத்தினால் உதிர்கிறதா என்று முதலில் பாருங்கள். உதிர்ந்தால் பசைக்குச் செலவழிக்க வேண்டாம்.

தொட்டி ஓரமும் சுவரும்

தொட்டி ஓரத்துக்குச் சிலிக்கோன். அது பசை என்பதைவிட நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் என்று சொல்வதே சரி. வினிகர் வாடை வருவது ஒரு வகை, வாடை குறைந்த நியூட்ரல் ஒரு வகை. வினிகர் வாடை வருவது அமிலம் விடும். பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் பரவாயில்லை. பளிங்குக் கல்லையும் உலோகத்தையும் அரிக்கும், முகக்கண்ணாடியின் பின்பூச்சைக் கெடுக்கும். எந்த இடம் என்று தெரியாவிட்டால் பூஞ்சை தடுக்கும் நியூட்ரல் வகையை வாங்கிவிடுங்கள். பழைய சிலிக்கோனின் மேல் புதுச் சிலிக்கோன் ஒட்டாது. கறுத்த பட்டையை முழுவதும் வெட்டி எடுத்து, துடைத்து, காயவிட்ட பிறகே பூச வேண்டும். ஒரு நாளாவது நீர் படக்கூடாது. நாங்கள் ஜொகூருக்குப் போகிற சனிக்கிழமைக் காலையில் பூசிவிட்டுக் கிளம்பினோம்.

சுவர்க் கொக்கிகளைப் பற்றிச் சுருக்கமாக. வாடகை அறையில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார், அதனால் எல்லாரும் ஒட்டும் கொக்கிக்குப் போகிறோம். பசை சாயத்தில் பிடிக்கிறது, சாயம் சுவரில் பிடிக்கிறது. விடுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பிடி. ஓட்டிலும் கண்ணாடியிலும் நன்றாக நிற்கும் கொக்கி, வர்ணம் பூசிய சுவரில் சாயத்தோடு சேர்ந்து உரிந்து வருவது அதனால்தான். இருபக்க ஃபோம் டேப் ஒட்டியதும் பாதி வலுதான் இருக்கும், முழு வலுவுக்கு மூன்று நாள். ஆல்கஹாலால் துடைத்து ஒட்டி, ஒரு நாள் வெறுமனே விட்டுவிட்டு அப்புறம் மாட்டுங்கள். கண்ணாடி போட்ட சாமி படத்தைச் சோஃபாவுக்கு மேலே டேப்பில் தொங்கவிட வேண்டாம். கனமான படத்துக்குத் துளை போட்டு ஆணி அடிப்பதுதான் சரி.

சிலவற்றில் பசையே கூடாது. கேஸ் குழாய், மின்பிளக், ஏணி, குழந்தை நாற்காலியின் பூட்டு. வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலும் அப்படித்தான். பழைய அலுமினிய ரிவெட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றச் சொல்லி 2004லேயே விதி வந்துவிட்டது. தளர்ந்த ஜன்னலை அங்கீகாரம் பெற்ற ஜன்னல் வேலைக்காரரிடம் கொடுங்கள். பத்தாவது மாடியிலிருந்து விழப்போவது நம் ஜன்னல், கீழே நடப்பவர் யாரோ.

செட்டியாரின் கை

கடைசியாகப் பொம்மை. இங்கேதான் நான் அதிகம் யோசித்தேன். வலு மட்டும் வேண்டுமென்றால் எபோக்சி. ஆனால் எபோக்சியைப் பிறகு பிரிக்க முடியாது. நாளை வேறொருவர் என்னைவிட நன்றாகச் செய்ய நினைத்தால் அவருக்கு வழி இருக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைச் செப்பனிடுபவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள். அசிட்டோனில் கரைந்துவிடும் பராலாய்டு பி-72 போன்ற பிசின்களை அவர்கள் விரும்புவதும் இதனால்தான். பாட்டியின் பொம்மைக்கு நான் சாதாரண வெள்ளைப் பசையை எடுத்தேன். சுட்ட மண்ணின் நுண்துளைகளில் அது நன்றாக ஊறிப் பிடிக்கும், கையில் சுமை இல்லை, நீரும் படப்போவதில்லை. வேண்டும்போது வெந்நீரால் இளக்கிவிடலாம்.

போன வருஷத்துச் சூப்பர் குளூதான் சிரமம் கொடுத்தது. அசிட்டோன் தொட்டால் அது கரையும், ஆனால் வர்ணமும் போய்விடும். முறிவுப் பரப்பை மட்டும் சவர பிளேடின் முனையால் சுரண்டி எடுத்தேன், ஒரு மணி நேரம் ஆனது. பிறகு மென்தூரிகையால் தூசியைத் தட்டி, ஒரு பக்கம் மட்டும் மெல்லியதாகப் பசை தடவி, பொருத்தி, வழிந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். அம்மா ஒரு பெரிய பாத்திரத்தில் அரிசியைக் கொட்டித் தந்தார். செட்டியாரை அதில் சாய்த்துப் புதைத்து, கை மேல்நோக்கித் தன் எடையாலேயே அமர்ந்திருக்கும்படி வைத்தோம். கிளிக்குப் பக்கத்திலேயே ஒரு டம்ளர் அரிசி. இரண்டு நாள் யாரும் தொடவில்லை.

சூப்பர் குளூவை இப்போது சிறிய டியூப்களாகவே வாங்கி, பிரித்ததை மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன். எபோக்சியின் இரண்டு மூடிகளிலும் நெயில் பாலிஷால் வெவ்வேறு நிறப் பொட்டு வைத்தேன், மாற்றி மூடினால் இரண்டும் கெட்டுவிடும். எல்லாவற்றிலும் பிரித்த தேதியை எழுதி ஒட்டியாயிற்று. செட்டியார் மூன்றாம் படியில், ஆச்சிக்குப் பக்கத்தில் மளிகைக்கடையைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார். கொலு முடிந்து பெட்டியில் வைக்கும்போது அந்தக் கையை மட்டும் தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.